பன்னிரண்டாம் நிமிடம்

விண்வெளியில் சத்தம் கிடையாது என்று சிந்துஜா சொன்ன அன்றுதான், செம்பியன் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போய் மீன்பிடி லாஞ்சு இன்ஜின் சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொண்டு வந்திருந்தான். விடிவதற்கு முன்பே எழுந்து போயிருக்கிறான். கையில் மீன் வாடை அடித்தது. அவள் காதில் மாட்டிக் கேட்கச் சொன்னான். தடதடவென்று நெஞ்சுக்குள் இறங்குகிற சத்தம்.

"எப்படி? அப்படியே ராக்கெட்டுல்ல?"

"நல்லாத்தான் இருக்குது." அதோடு நிறுத்தியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னாள். "ஆனா அங்க காத்து இல்ல. காத்து இல்லாத எடத்துல சத்தம் எப்படி வரும்?"

"அங்க எவன் போய் கேட்டுட்டு வந்தான்?"

பின்னால் மேசையில் இருந்த அருண்பாண்டியன் நாற்காலியைத் திருப்பினான். "மச்சான், சத்தம் இல்லாம வுட்டோம்னு வையி, போனு ரிப்பேருன்னு கடைக்குத் தூக்கிக்கினு போயிடுவானுங்க."

இருவரும் சிரித்தார்கள். சிந்துஜாவும் சிரித்து வைத்தாள். மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஒற்றை அறை. மூன்று கணினி, மூன்று பேர். கீழே இயந்திரம் ஓடினால் மேசை அதிரும். அங்கேதான் அவர்கள் ஒரு விண்வெளிப் போர் விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார்கள்.

அருண்பாண்டியன் சிதம்பரத்தில் படித்தபோது அவளுக்கு இரண்டு வருடம் சீனியர். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தவளை அவனே தேடி வந்தான். "எல்லாவனும் பொய்யா பண்றான் சிந்து. கப்பலு பைக்கு மாதிரி சாய்ஞ்சி திரும்புது. நெருப்பு எரியுது. நாம மட்டும் நெஜமா பண்ணணும். கணக்குக்கு ஆள் வேணும், வரியா?" என்று கேட்டான். நெஜமா என்ற சொல்லுக்காகவே அவள் வந்தாள். அந்தச் சொல்லை அதற்கு முன் யாரும் அவளிடம் ஒரு வேலையாகக் கொடுத்ததில்லை.

எட்டு மாதம் எழுதினாள். அவள் எழுதிய வானத்தில் கப்பல் சாயாது. சாய்ந்து திரும்புவதற்கு அங்கே ரோடும் இல்லை, காற்றும் இல்லை. பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் நிற்காது, போய்க்கொண்டே இருக்கும். நிற்க வேண்டுமென்றால் வாலை முன்னால் திருப்பி, எவ்வளவு நேரம் உந்தினாயோ அவ்வளவு நேரம் எதிர்ப்பக்கம் உந்த வேண்டும். எதிரிக் கப்பல் கல்லெறி தூரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்காது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு புள்ளி, அதுவும் சில நேரம்தான். அதிகம் சுடுகிறவன் கப்பல் சூடேறும். சூட்டைக் கொண்டுபோய்க் கொட்ட அங்கே எதுவும் இல்லாததால், உள்ளே இருப்பவன் தன் சூட்டிலேயே வேக வேண்டியதுதான்.

ஆடிப் பார்க்க வந்த கல்லூரிப் பையன்கள் போனோடு சேர்ந்து உடம்பையும் சாய்த்தார்கள். "பிரேக்கு எங்கக்கா?" என்றார்கள். ஐந்து நிமிடத்தில் ஒவ்வொருவனும் எதிலாவது மோதிச் செத்தான்.

அவள் மிகவும் பாடுபட்டது குண்டுகளுக்காக. மற்ற விளையாட்டுகளில் குறி தவறிய குண்டு திரையின் ஓரத்தைத் தாண்டியதும் செத்துவிடும். கணினிக்குப் பாரம் குறையட்டும் என்று அழித்துவிடுவார்கள். அவள் அழிக்கவில்லை. காற்றில்லாத ஒரு கிரகத்தைச் சுற்றிக்கொண்டே நீ சுடுகிறாய் என்றால், உன் குண்டும் அந்தக் கிரகத்தைத்தான் சுற்றும். எந்த இடத்தில் சுட்டாயோ அந்த இடத்துக்கே ஒரு சுற்று முடித்து வந்துசேரும். விளையாட்டின் கடிகாரத்தில் ஒரு சுற்று என்பது பன்னிரண்டு நிமிடம். குண்டின் வேகம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அதன் வட்டம் கொஞ்சம் பெரிதாகும், வந்துசேரக் கொஞ்சம் தாமதமாகும். அதற்குள் நீ அந்த இடத்தைக் கடந்து போயிருப்பாய். உனக்குப் பின்னால் வருகிறவன் மாட்டுவான்.

"இதெல்லாம் எவன் கவனிக்கப் போறான்?" என்றான் செம்பியன்.

"கவனிக்காட்டியும் அது வருமே," என்றாள்.

சத்தத்தில் மட்டும் அவள் விட்டுக்கொடுத்தாள். அதுவும் முழுப் பொய் இல்லை. கப்பலுக்குள் இருப்பவனுக்குத் தன் இன்ஜின் சத்தமும் தன் பீரங்கி அதிர்வதும் கேட்கும். தகடு வழியாக வரும். ஆகவே சொந்தக் கப்பலுக்கு லாஞ்சு சத்தம், வெளியே நடக்கும் எதற்கும் சத்தம் இல்லை என்று முடிவானது. தேவனாம்பட்டினத்தில் மாசி மகத்தன்று பதிவு செய்து வைத்திருந்த வெடிச் சத்தங்களைச் செம்பியன் மனமில்லாமல் ஒரு ஓரமாக எடுத்து வைத்தான்.

அவள் விளையாட்டை ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆடியவர் ஒரே ஒருவர்தான். அவள் அப்பா சின்னையன்.

செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயன ஆலையில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். ஏழு வருடத்துக்கு முன் ஒரு மதிய ஷிப்டில் ஏதோ ஒரு வால்வு விட்டுப்போனது. வெடிக்கவில்லை, எரியவில்லை. தகரக் கொட்டகைக்குள் எட்டுப் பேர் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். "சத்தம் கேட்டிருந்தா ஓடியாச்சும் இருப்போம்," என்பார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச மாட்டார். வாயு காற்றில் கலந்து நீர்த்துப் போய்விட்டதாகவும் யாருக்கும் பாதிப்பு இல்லை என்றும் கம்பெனி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது. அந்தத் தாள் பீரோவில் இருக்கிறது. அப்பா இப்போது தெருமுனை வரைக்கும் போனால் இரண்டு இடத்தில் உட்காருகிறார்.

அவளுடைய பழைய போனில் நாள் முழுக்க ஆடுவார். போர் விளையாட்டை அவர் ஆடுகிற விதமே வேறு. சுட மாட்டார். எதிரி சுடுவான். அது எந்தப் பக்கம் போனது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்வார். பத்து நிமிடம் கழித்து மஞ்சள் பொத்தானை அழுத்தி நிலையத்தை லேசாக ஒரு தள்ளு தள்ளி ஒதுக்குவார். நிலையம் என்பது கப்பலுக்குப் பின்னால் அதே பாதையில் வரும் ஊர். அதில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருப்பதாகத் திரையின் மூலையில் ஓர் எண் காட்டும். குண்டுகள் வந்து வெறும் இடத்தைக் கடந்து போகும். எண் குறையாது. அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்காருவார்.

"ஒரு குண்டு கூட சுடாம ஜெயிக்கிறியேப்பா," என்பாள்.

"நான் வேற சுட்டுட்டு, அது எப்ப வருமோன்னு ஒக்காந்துக்கினு இருக்கணுமா?" என்பார்.

அம்மா ஆரோக்கியம்மாள் அடுப்படியிலிருந்து கேட்பாள்: "அப்பனும் மவளும் என்னா ஆட்டம் ஆடறீங்களோ. ஒரு வெடிச் சத்தம் உண்டா, ஒரு பாட்டு உண்டா?"

விளையாட்டை முடித்து வெளியே கொண்டுவர ஆள் வேண்டியிருந்தது. அருண்பாண்டியனுடைய தாய்மாமா கலியமூர்த்திக்குச் சிதம்பரம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி இருந்தது. மருமகனுக்குக் கை கொடுப்பதா வேண்டாமா என்று கல்லூரி அரங்கில் ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்வதாக இருந்தார். அவர் சரி என்றால் விளையாட்டு வெளிவரும். எப்படிப்பட்ட விளையாட்டாக வெளிவரும் என்பதும் அவர் வாயில்தான் இருந்தது. சிந்துஜாவுக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் கவலை.

"நீயும் மூணு நிமிஷம் பேசற," என்றான் அருண்பாண்டியன். "விஞ்ஞானி பேசுனா மாமா மயங்கிடுவாரு."

"எனக்கு வராதுண்ணா."

"எழுதி வச்சிப் படி."

எழுதினாள். நான்கு நாள் எழுதினாள். விண்வெளிப் போர் என்று இதுவரை நமக்குக் காட்டியதெல்லாம் கடல் சண்டையும் ஆகாய விமானச் சண்டையும்தான், நட்சத்திரங்களைப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்தது அந்தத் தாள். அப்பாவிடம் படித்துக் காட்டினாள். நன்றாக இருப்பதாக அவர் சொன்னார். அப்பாவிடம் படிக்கும்போது மட்டும் அவளுக்குக் குரல் நடுங்காது.

மாமா ஆடிப் பார்க்க வரும் நாளன்று காலை கடலூரிலிருந்து காரில் போனார்கள். செம்பியன் ஓட்ட, வழியெல்லாம் அருண்பாண்டியன் போனில்தான் இருந்தான். மாமா வாசலில் இறங்கும்போது பத்தாயிரம் வாலா கொளுத்த வேண்டும். அது அவர்கள் குடும்பத்து வழக்கம். கல்யாணமோ கடை திறப்போ, மாமா வெடி இல்லாமல் உள்ளே கால் வைத்ததில்லை. ஆனால் கல்லூரியில் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. வெடி கூடாது என்று முதல்வர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

"வெடி இல்லாம மாமாவ எப்படி மச்சான் உள்ள கூப்புடறது?" என்று புலம்பிக்கொண்டே வந்தான். சிந்துஜா பின் இருக்கையில் தன் தாளை வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தாள். அவன் புலம்பலை அவள் காதில் வாங்கவில்லை.

அரங்கில் நானூறு பேர் இருந்தார்கள். மேடையில் பெரிய திரை. திரையில் அவள் எழுதிய சாம்பல் நிறக் கிரகம், ஓரத்தில் கப்பல், அதற்கு எட்டாத தூரத்தில் பின்னால் வரும் நிலையத்தின் மஞ்சள் விளக்குகள். மூலையில் 412. அவள் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தாள். எட்டு மாதமாக ஒரு சாண் திரையில் பார்த்தது.

பதினொன்று ஆறுக்கு மாமா உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, கையில் கைக்குட்டை. நாதசுரம் எழும்பிய அதே நொடியில் திரையில் கப்பல் பக்கவாட்டில் சுட ஆரம்பித்தது. தட், தட், தட் என்று ஒலிபெருக்கிகள் அதிர்ந்தன. வரிசையாக வெளிச்சப் புள்ளிகள் கிளம்பி இருட்டுக்குள் போயின. இருபத்தொரு குண்டுகள்.

அருண்பாண்டியன் மைக்கில் சொன்னான்: "வாசல்ல வெடிக்கக் கூடாதுன்னாங்க. அதனால மாமாவுக்கு வானத்துல வெடி."

அரங்கம் கை தட்டியது. மாமா நின்று, திரையைப் பார்த்து, வாய் கொள்ளாமல் சிரித்தார்.

சிந்துஜா கை தட்டவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அழைப்பிதழின் பின்புறத்தில் எழுதினாள். பக்கவாட்டில் சுட்டதால் வேகம் சற்றுக் கூடும். தாமதம் நாற்பது நொடி. நிலையம் எவ்வளவு பின்னால் வருகிறது என்று பார்த்தாள். மறுபடி போட்டாள். மறுபடியும் அதே விடை. பதினொன்று பதினெட்டு நாற்பதுக்கு இருபத்தொரு குண்டுகளும் சுட்ட இடத்துக்கு வரும். அந்த நேரத்தில் அந்த இடத்தில் நிலையம் இருக்கும்.

அலுவலகத்தில் இது யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. அங்கே யாரும் பன்னிரண்டு நிமிடம் ஆடியதே இல்லை.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். சால்வை போர்த்தினார்கள். மாமா கையில் கட்டுப்படுத்தும் பெட்டியைக் கொடுத்தார்கள். அவர் கப்பலை ஓட்டி விளையாட ஆரம்பித்தார். சின்னப் பிள்ளை மாதிரி ஆடினார். சாயவே மாட்டேன் என்கிறதே என்று சொல்லிச் சிரித்தார். அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. அவள் எழுதியது அவருக்குப் பிடித்திருந்தது. அதை அவள் கண்ணால் பார்த்தாள்.

எழுந்து மேடையோரம் கணினியருகே இருந்த செம்பியனிடம் போனாள். மணி பதினொன்று பதிமூன்று.

"அந்தக் குண்டு..."

"சூப்பரா இருந்துச்சில்ல? என் ஐடியா."

"அது திரும்பி வரும். நெலையத்து மேல."

"எது?"

"எல்லாம். இன்னும் அஞ்சரை நிமிஷத்துல."

செம்பியன் அவளைப் பார்த்தான். அவள் கணக்குத் தப்பாது என்று அவனுக்குத் தெரியும். முகம் சுண்டிப்போயிற்று. "இப்ப என்னா பண்றது?"

"நெலையத்த லேசா ஒரு தள்ளு. பத்து செகண்டு போதும். மஞ்சப் பட்டன்."

"அது மாமா கையில இருக்குதே. நான் இங்க நிறுத்துனா ஆட்டமே நின்னுடும். அருணு என்னத் தொங்க வுட்ருவான். நீ அவங்கிட்ட சொல்லு, உன் பேச்சுன்னா கேப்பான்."

அவள் மேடையில் ஏறினாள். கீழே நானூறு பேர் இருந்த பக்கம் பார்க்காமல் நடந்தாள். அருண்பாண்டியன் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"வந்துட்டியா, கரெக்ட்டு. மாமா ஆடட்டும், நீ பேசு." மைக்கை அவள் கையில் திணித்தான். ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்தான். "இதுல இருக்கற பேரெல்லாம் மொதல்ல படிச்சிடு. ஒருத்தர் பேரும் வுட்டுடாத. மாமாவுக்குக் கோவம் ஜாஸ்தி."

"அண்ணா, ஒரு விஷயம்..."

"மைக்குல சொல்லும்மா."

மைக் அவள் கையில் இருந்தது. மணி பதினொன்று பதினாறு. சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். சார், அந்த மஞ்சள் பொத்தானை அழுத்துங்கள். மாமா அவளிடமிருந்து மூன்று எட்டு தூரத்தில் நின்றார்.

ஆனால் மேடையில் பேச்சு அப்படி ஆரம்பிக்காது. நான்காம் வகுப்பில் பேச்சுப் போட்டிக்கு ஏறிய நாளிலிருந்து அவள் கண்ட எந்த மேடையிலும் அப்படி ஆரம்பித்ததில்லை. அவள் வாய் தானாகச் சீட்டுக்குப் போனது.

"கல்வி வள்ளல், கல்லூரித் தாளாளர், எங்கள் அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் மாண்புமிகு கலியமூர்த்தி ஐயா அவர்களே. கல்லூரி முதல்வர் அவர்களே. துணை முதல்வர் அவர்களே. அறக்கட்டளை உறுப்பினர்களே..."

சீட்டு நீளமாக இருந்தது. துறைத்தலைவர்கள் ஆறு பேர். வர்த்தகச் சங்கத்தார் இருவர். ஒவ்வொரு பேருக்கும் முன்னால் ஓர் அடைமொழி, பின்னால் ஓர் அவர்களே. இடையில் நிறுத்தலாம் என்று நினைத்தாள். பாதியில் நிறுத்தினால் மீதிப் பேர் என்ன நினைப்பார்கள் என்றும் நினைத்தாள். வேகமாகப் படித்தாள். குரல் நடுங்கியது. பேர் சொல்லப்பட்டவர்கள் எழுந்து கும்பிட்டு உட்கார்ந்தார்கள். எழுந்தவர் உட்காரும்வரை அடுத்த பேரைச் சொல்லக் கூடாது.

"...மற்றும் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்." மூச்சை இழுத்தாள். "சார், அந்த நெலையத்த..."

திரையில் மஞ்சள் விளக்குகளில் ஒன்று அணைந்தது. பிறகு நான்கைந்து. பிறகு எல்லாம்.

சத்தம் வரவில்லை. வெளியே நடப்பதற்குச் சத்தம் இல்லை என்று அவள்தான் எழுதியிருந்தாள். நெருப்பும் இல்லை. நிலையம் இருந்த இடத்தில் சில துண்டுகள் மெதுவாகச் சுழன்று விலகின. மூலையில் 412 என்பது 300 ஆகி, 90 ஆகி, 0 ஆகி நின்றது. மாமாவின் கப்பலில் லாஞ்சு இன்ஜின் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் தடதடத்துக்கொண்டிருந்தது.

அவள் கண்ணுக்கு அது துல்லியமாக இருந்தது. இப்படித்தான் நடக்கும். யாருக்கும் தெரியாமல், திரும்பிப் பார்ப்பதற்குள், இப்படித்தான்.

"கரண்டு போச்சா?" என்று அரங்கில் யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது.

மாமா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினார். "என்னாப்பா ஆச்சி? எவன் சுட்டான்?"

"நம்ம குண்டு தான் மாமா," என்று செம்பியன் வாயை விட்டுவிட்டான். "வரவேற்புக்கு சுட்டமே, அது சுத்திக்கினு வந்து..."

"எனக்குப் போட்ட வெடியா?" மாமாவின் முகம் மாறியது. "எனக்குப் போட்ட வெடி நம்ம ஊரையே அழிச்சிடுச்சா? மொத மொத ஆட்டத்துலயா?"

அருண்பாண்டியன் இடையில் பாய்ந்தான். "பக்கு மாமா. புரோகிராம்ல சின்னத் தப்பு, சரி பண்ணிடுவோம். சிந்து, மைக்குல சொல்லு." அவன் கண் அவளைக் கெஞ்சியது. "சொல்லும்மா."

நானூறு பேர் பார்த்தார்கள். அந்த விளையாட்டில் பிழை இல்லாத இடம் ஒன்று உண்டென்றால் அது இப்போது நடந்ததுதான். அதை எப்படிச் சொல்லத் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குச் சீட்டில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"சரி பண்ணிடலாம்," என்றாள். ஒலிபெருக்கியில் அது தெளிவாகக் கேட்டது. அன்று அவள் நடுங்காமல் பேசியது அது ஒன்றுதான். எழுதிக் கொண்டுவந்த தாள் கைக்குள்ளேயே கசங்கிவிட்டிருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் மாமா சாந்தமாகியிருந்தார். கொத்சை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"ஆட்டம் நல்லா இருக்குது அருணு, நான் கூட நிக்கிறேன். ஆனா ஒண்ணு. சுட்டா, சுட்டது போனதாவே இருக்கணும். திரும்பி வந்து நம்ம தலையில வுழுந்தா எவன் ஆடுவான்? அப்பறம் ஊரே அழியுது, ஒரு சத்தம் வேணாமா? எழவு வூட்ல கூட பறை அடிக்கிறான்."

"செஞ்சிடறோம் மாமா. செம்பியன் வெடிச் சத்தம் ரெடியா வச்சிருக்கான்."

"அந்தப் பொண்ணு யாரு வூட்டுப் பொண்ணு?"

"செம்மங்குப்பம் பக்கம் மாமா. நம்ம சயின்ஸ் ஆளு. எல்லாக் கணக்கும் அதான்."

மாமா எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தவளை எட்டிப் பார்த்தார். "நல்லா பேசுனம்மா. ஒருத்தர் பேரையும் வுடல." பிறகு மருமகனிடம், "அது பேர மொதல்ல போடு. பெருசா போடு. விஞ்ஞானி சரிபார்த்ததுன்னு எழுது. அந்தப் பக்கத்துக் குடும்பத்துலேருந்து படிச்சி வந்த பொண்ணு, ஊருக்கு ஒரு பேரா இருக்கும்," என்றார்.

சிந்துஜா இலையை மூடினாள். எந்தப் பக்கமாக மூடினோம் என்று பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் பரங்கிப்பேட்டைப் பிரிவு தாண்டிய பிறகுதான் அவளுக்கு வாய் வந்தது.

"அண்ணா, குண்டு மறையறதா இருந்தா என் பேரு வேணாம்."

அருண்பாண்டியன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "கோச்சிக்கினியா?"

"இல்ல. சரிபார்த்ததுன்னு போட்டா, பொய்யில்ல?"

"வெளையாட்டு தானம்மா. யாரு பரீட்சை எழுதப் போறா?" முன்னால் போன லாரியை முந்திவிட்டுத் தொடர்ந்தான். "எட்டு மாசம் நீ சொன்னதத்தான கேட்டோம்? மேடையில நீயே சொன்ன, சரி பண்ணிடலாம்னு. நானா சொன்னேன்? மாமா உன் பேரச் சொல்லித்தான் ஒத்துக்கினாரு. அது இல்லன்னா நாம மூணு பேரும் ஜெராக்ஸ் எடுக்கத்தான் போவணும்."

அவன் குரலை இறக்கினான். "ஒரே வரி. எட்டு செகண்டு ஆனா குண்டு காலி. உன் ஃபைலு, நீ எழுதுனா சுத்தமா இருக்கும். செம்பியன் கைய வச்சான்னா மொத்தத்தையும் தூக்கிடுவான்."

"அதுக்கென்னா, தூக்கிட்டாப் போச்சி," என்றான் செம்பியன், பாதித் தூக்கத்தில்.

திங்கட்கிழமை அவளே எழுதினாள். மற்றதாவது தப்பிக்கட்டும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். வரியை எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த வாரமே கப்பல் திரும்பும்போது சாய வேண்டும் என்றார்கள். அடுத்த வாரம் பிரேக் வைத்தார்கள். மாசி மகத்து வெடி வானமெங்கும் வெடித்தது. விளையாட்டு வெளிவந்தபோது மஞ்சக்குப்பம் சிக்னலில் ஒரு பேனர் கட்டினார்கள். நெருப்புக்கு நடுவே கப்பல். அதன் மேல், முழுக்க முழுக்க நிஜம். அதற்கும் மேல் அவள் பேர், பட்டத்தோடு.

அப்பாவின் போனில் விளையாட்டு தானாகப் புதுப்பித்துக்கொண்டது. என்ன மாறியிருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் அதைத் திறந்ததும் முதலில் அவள் பேர் வந்தது. அவர் படித்தார். அடுப்படிக்குக் கொண்டுபோய் ஆரோக்கியம்மாளிடம் காட்டினார். மூச்சு வாங்க எதிர் வீட்டுக்கும் போய்க் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பீரங்கி சத்தமெல்லாம் வச்சிருக்காங்களே," என்றார். "எப்படி இருக்குதுன்னு ஒண்ணு வுட்டுப் பாக்கட்டுமா?"

அவள் தலையாட்டினாள். அதுவரை ஒரு குண்டும் சுடாத மனிதர் ஒன்றைச் சுட்டார். தேவனாம்பட்டினம் கடற்கரையே வெடித்ததுபோல் சத்தம் வந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "இப்பதான் ஒரு ஆட்டமா இருக்குது," என்றாள்.

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சத்தத்தை முழுக்கக் குறைத்தார். பத்தாவது நிமிடத்தில் மஞ்சள் பொத்தானை அழுத்தி நிலையத்தை லேசாக ஒதுக்கினார். போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சிந்துஜா பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சு இழுத்து விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. பதிமூன்று ஆயிற்று. திரை காலியாகவே இருந்தது.

"என்னா, வரலியே," என்றார். "எங்க போச்சி?"

"எட்டு செகண்டுல மறைஞ்சிடும்ப்பா."

"மறைஞ்சின்னா? எங்க?"

"எங்கயும் இல்ல. இல்லாமப் போயிடும்."

அவர் அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை.

"கம்பெனிக்காரனும் இப்படித்தான் எழுதிக் குடுத்தான்," என்றார். பிறகு இருமல் வந்தது. அவள் தண்ணீர் எடுக்க எழுந்தாள். சொம்போடு திரும்பி வந்தபோது, அவர் நிலையத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.